விளக்குக் கம்பத்துச் சட்டங்கள்

பெர்லின் நகரின் ஷோனெபெர்க் பகுதியில் பையரிஷர் பிளாட்ஸ் என்றொரு சதுக்கம். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நேரே பார்த்து நடப்பவருக்கு அது மரங்கள் அடர்ந்த, வசதியான குடியிருப்பு, அவ்வளவுதான். சற்றுத் தலையை உயர்த்தினால் விளக்குக் கம்பங்களில், கைக்கு எட்டாத உயரத்தில், சிறிய பலகைகள் தெரியும். பலகையின் ஒரு பக்கத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு படம். ஒரு கம்பத்தில் ரொட்டி, இன்னொன்றில் பூனை, அடுத்ததில் பூங்கா இருக்கை, நீச்சல் கால்சட்டை, குழந்தைகள் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போடும் பாண்டியாட்டக் கட்டம். பாலர் பள்ளிச் சுவருக்கு வரைந்தவைபோல எளிமையான, அழகான படங்கள்.

மறுபக்கம் போய் நின்று பார்த்தால் கறுப்பு எழுத்தில் ஓரிரு வரிகள், அடியில் ஒரு தேதி. ரொட்டியின் முதுகில் இருப்பது, பெர்லினில் யூதர்கள் மாலை 4 மணி முதல் 5 மணி வரை மட்டுமே உணவுப்பொருள் வாங்கலாம் என்ற உத்தரவு. 1940 ஜூலை 4. பூனையின் முதுகில், யூதர்கள் இனி வீட்டில் செல்லப் பிராணிகள் வைத்திருக்கக் கூடாது. 1942 பிப்ரவரி 15. பாண்டியாட்டக் கட்டத்தின் முதுகில், ஆரியக் குழந்தைகளும் ஆரியரல்லாத குழந்தைகளும் சேர்ந்து விளையாடத் தடை, 1938.

இப்படி 80 பலகைகள். ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இரு கலைஞர்கள் 1993இல் இவற்றை நிறுவினார்கள். பலகைகளில் விளக்கம் கிடையாது. நாஜி அரசு என்றோ அந்தக் காலத்தில் என்றோ எதுவும் சொல்லப்படவில்லை. எல்லாம் இன்று காலை ஒட்டிய அறிவிப்புபோல நிகழ்காலத்திலேயே பேசுகின்றன. உலகில் பல ஊர்களில் நினைவுப் பலகைகளைத் தேடிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவை ஒரு மனிதரின் பெயரையும் அவர் இங்கே வாழ்ந்த ஆண்டுகளையும் சொல்லும். மனிதர்களுக்குச் செய்யப்பட்டதை, செய்த தேதியோடு, செய்த இடத்திலேயே எழுதி மாட்டியிருக்கும் தெருக்களை இங்கேதான் கண்டேன்.

பெர்லினில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் என்னை இங்கே அழைத்து வந்தார். இந்தப் பலகைகளை நடந்தே காட்டும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் இதே வட்டாரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலை சுரங்க ரயில் நிலைய வாசலில் எங்கள் சிறு குழுவை நிறுத்தி, நடக்கத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒவ்வொரு பலகையையும் குழுவில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் யாரும் உடனே எதுவும் பேசக் கூடாது. ஜெர்மன் தெரியாத எங்களுக்கு அவரே ஆங்கிலத்தில் சொன்னார், அக்கா என் காதருகே தமிழில்.

இந்த வட்டாரத்துக்கு பவேரியக் குடியிருப்பு என்று பெயர். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாலமோன் ஹாபர்லாண்ட், அவர் மகன் கியோர்க் ஹாபர்லாண்ட் என்ற யூதத் தொழிலதிபர்களின் நிலநிறுவனம் வயல்வெளியாகக் கிடந்த இந்த இடத்தை வாங்கித் தெருக்கள் போட்டது. பவேரிய ஊர்களின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்து, மாடங்களும் கோபுரமுனைகளும் கொண்ட பெரிய அடுக்கு வீடுகளைக் கட்டியது. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், வியாபாரிகள் குடியேறினார்கள். அவர்களில் யூதர்கள் கணிசம். ஊர் இதை யூத சுவிட்சர்லாந்து என்றே அழைத்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஷோனெபெர்க் மாவட்டத்தில் சுமார் 16,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் 6,000க்கு மேற்பட்டவர்கள் நாடுகடத்திக் கொல்லப்பட்டார்கள்.

இன்று நாம் காணும் கட்டடங்களில் பல போருக்குப்பின் எழுந்தவை. குண்டுவீச்சில் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. சதுக்கத்தில் ஒரு பெரிய வரைபடப் பலகை இருக்கிறது. 1933ஆம் ஆண்டுத் தெருப்படத்தையும் 1993ஆம் ஆண்டுத் தெருப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டிருக்கிறார்கள். இதே போன்ற வரைபடங்கள் மொத்தம் மூன்று இடங்களில் உள்ளன. எந்தப் பலகை எந்தக் கம்பத்தில் என்று அதில்தான் தெரியும். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும்படி இந்த நினைவிடம் அமைக்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ரொட்டி வாங்கப் போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர் கண்ணில் எதிர்பாராமல் படவேண்டும். அப்படிப் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் பூங்கா இருக்கைப் பலகை. இந்தச் சதுக்கத்தில் மஞ்சள் அடையாளமிட்ட இருக்கைகளில் மட்டுமே யூதர்கள் உட்காரலாம்; 1939. பலகைக்குக் கீழே உண்மையான இருக்கையில் இளம் தாய் ஒருத்தி குழந்தைக்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். குழுவில் ஒரு கனடாக்காரர் படித்தார். அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். இப்படிப் படித்துவிட்டு நிற்கும் கூட்டங்கள் அவளுக்குப் பழக்கம்.

வழிகாட்டி எங்களைத் தேதி வரிசையில் அழைத்துப் போகவில்லை. தெரு போகிற போக்கில் 1942 முதலில் வரும், அடுத்த திருப்பத்தில் 1933. வரிசையை நாங்கள் மனத்துக்குள்ளேயே அடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுக்க அடுக்கத்தான் நெஞ்சு கனத்தது.

ஹிட்லர் பதவியேற்றது 1933 ஜனவரி 30. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 31 அன்று, யூத மருத்துவரிடம் பார்த்த செலவை பெர்லின் நகரின் மருத்துவக் காப்பீடு இனித் திருப்பித் தராது என்கிறது ஓர் ஆணை. மருத்துவரைத் தடுக்கவில்லை, நோயாளியைத் தடுக்கவில்லை. பணம் மட்டும் வராது. ஜூலையில் சதுரங்கச் சங்கத்திலிருந்து யூதர்கள் நீக்கம். ஆகஸ்டில் பாடகர் குழுக்களிலிருந்து நீக்கம். சதுரங்கமும் பாட்டும் போனால் உயிர் போய்விடாது என்று அன்றைக்கு எத்தனை பேர் தமக்குத் தாமே சொல்லியிருப்பார்கள்! ஐந்து ஆண்டு கழித்து, 1938 ஜூலையில், யூத மருத்துவர்கள் தொழில் செய்யவே தடை. அதே ஆண்டு நவம்பரில் பொதுப் பள்ளிகளில் யூதப் பிள்ளைகளுக்கு இடமில்லை. டிசம்பரில் நீச்சல் குளங்கள் அடைபட்டன. 1939இல் போர் தொடங்கியதும் வீட்டு வானொலியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். 1940இல் தொலைபேசி இணைப்புத் துண்டிப்பு. 1941 செப்டம்பரில், ஆறு வயது நிறைந்த எல்லா யூதரும் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும். 1942 கோடையில் சிகரெட் கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது என்று வாரத்துக்கொரு ஆணை.

இவற்றில் கொலை என்ற சொல் எங்குமே இல்லை. ஒவ்வொன்றையும் ஓர் அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்து, வரைவு எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். அதை நிறைவேற்ற மளிகைக்காரர் வேண்டும், தொலைபேசி ஊழியர் வேண்டும், பள்ளித் தலைமையாசிரியர் வேண்டும், பாடகர் குழுச் செயலாளர் வேண்டும். அவர்கள் எல்லோரும் இதே தெருக்களில் இருந்தார்கள். வதைமுகாம்களைப் பற்றிப் படிக்கும்போது அந்தக் கொடுமை தொலைதூரத்தில், முள்வேலிக்குப் பின்னால் நடந்ததாக மனம் ஒதுக்கி வைத்துவிடுகிறது. இந்தக் கம்பங்களின் கீழே நிற்கையில் அப்படி ஒதுக்க இடமே இல்லை. பக்கத்தில் ரொட்டிக்கடை இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, வாசனை வருகிறது.

பூனைப் பலகையின் கீழே வழிகாட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். செல்லப் பிராணிகளைக் கைவிட வேண்டும் என்றால் அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைப்போம். அதற்கும் அனுமதி இல்லை. டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மொழியியல் பேராசிரியர் விக்டர் கிளெம்பெரர், நாஜி ஆண்டுகள் முழுவதும் ரகசியமாக நாட்குறிப்பு எழுதியவர். அவரும் மனைவியும் பல ஆண்டுகள் வளர்த்த முஷெல் என்ற பூனையை 1942 மே மாதம் மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசிபோட்டுக் கொல்ல வேண்டிவந்தது. அவர் மனைவி யூதரல்லாதவர். அதனாலேயே கிளெம்பெரர் உயிர் தப்பினார். பூனை தப்பவில்லை. இதைச் சொன்னபோது குழுவிலிருந்த இளம்பெண் ஒருத்தி அழுதேவிட்டாள். அதுவரை படித்த பெரிய ஆணைகளுக்கு அழாதவள் பூனைக்கு அழுகிறாளே என்று யாரும் நினைக்கவில்லை. மனிதரிடமிருந்து பிடுங்குவதற்கு இனி என்ன மிச்சம் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்த மூளையை எல்லோரும் அந்த இடத்தில்தான் நேருக்கு நேர் பார்த்தோம்.

இன்னொரு பலகை 1936 ஜனவரி 29 தேதியிட்டது. அது ஒலிம்பிக் ஆண்டு. வெளிநாட்டு விருந்தினர்களுக்குத் தவறான எண்ணம் வராமலிருக்க, கடுமையான வாசகங்கள் கொண்ட அறிவிப்புகளைக் கழற்றிவிடச் சொல்கிறது அரசு. யூதர்களுக்கு இங்கே வரவேற்பில்லை என்ற அளவிலான அறிவிப்பே போதுமாம். 80 பலகைகளில் அரசின் உள்மனம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் பலகை வேறில்லை. வெறுப்பை எந்த அளவில் வைத்தால் விருந்தாளி முகம் சுளிக்காமல் இருப்பார் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அக்கா தானாகவே நின்ற பலகை ஒன்று உண்டு. யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை. 1941 அக்டோபர் 23. அதற்கு ஐந்து நாள் முன்புதான், அக்டோபர் 18 அன்று, பெர்லின் யூதர்களை ஏற்றிய முதல் ரயில் க்ரூனெவால்ட் நிலையத்திலிருந்து போலந்தின் லோட்ஸ் நகருக்குக் கிளம்பியிருந்தது. எட்டு ஆண்டுகள் போ, போ என்று விரட்டியவர்கள், கொண்டுபோகத் தொடங்கிய வாரத்தில் வாசலை அடைத்தார்கள்.

அக்கா 1980களின் தொடக்கத்தில் சிறுமியாகத் தன் மாமாவோடு இந்த நகருக்கு வந்தவர். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசாவில் ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைவது அன்றைக்கு இலங்கைத் தமிழர்கள் பலர் வந்த வழி. பிரிந்த நகரத்துக்குள் ஓர் எல்லை இருப்பதை மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே தன் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த விசாவை நிறுத்தும் வரை அந்த வழி திறந்திருந்தது.

“நாங்கள் வரேக்க ஒரு கதவு திறந்து கிடந்தது தம்பி,” என்றார் அக்கா. “இவையளுக்கு அதையும் பூட்டிப்போட்டாங்கள். நான் இந்தப் பக்கம் போறபோதெல்லாம் இந்தக் கம்பத்தடியில ஒருக்கா நிண்டுதான் போறனான்.”

1993இல் இந்தப் பலகைகளை ஏற்றத் தொடங்கியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். திறப்பு விழாவுக்கு முன்பே ஒருநாள் தெருவில் நடந்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். யூதர்களுக்கு எதிரான அறிவிப்புகள் விளக்குக் கம்பங்களில் தொங்குகின்றன என்று புகார் போனது. காவல்துறை வந்து சில பலகைகளைக் கழற்றி எடுத்துச் சென்றது. பிறகு ஒவ்வொரு பலகைக்கும் கீழே, இது நினைவிடத்தின் ஒரு பகுதி என்று சொல்லும் சிறு தகடு சேர்க்கப்பட்டு, பலகைகள் திரும்ப ஏற்றப்பட்டன. வழிகாட்டி அந்தப் புகார்க்காரர்களைப் பற்றி மரியாதையோடுதான் பேசினார். இப்படிப்பட்ட வாசகத்தைத் தெருவில் கண்டதும் கையைத் தூக்கித் தொலைபேசியை எடுத்தவர்கள் அவர்கள் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அசல் ஆணைகள் வந்த காலத்தில் அந்தத் தொலைபேசி அடிக்கவில்லை.

இதே தெருக்களில் புகழ்பெற்றவர்களின் பலகைகளும் உண்டு. ஹாபர்லாண்ட் தெருவில் ஐன்ஸ்டைன் 1917 முதல் 1932 வரை வாழ்ந்தார். அவருடைய வீடு இருந்த எண் 5 போரில் அழிந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு சாதாரண அடுக்குமாடி, முன்னால் ஒரு நினைவுக்கம்பம். 1932 டிசம்பரில் அமெரிக்காவுக்குப் பயணமானவர் பெர்லினுக்குத் திரும்பவே இல்லை. இந்தத் தெருவின் பெயருக்கே ஒரு கதை இருக்கிறது. யூதர் பெயரில் தெரு இருக்கலாகாது என்று 1938இல் அதை இரண்டாக உடைத்து ட்ராய்ஷ்ட்லிங்கர் தெரு, நோர்ட்லிங்கர் தெரு என்று மாற்றினார்கள். 1996இல் நோர்ட்லிங்கர் பகுதிக்கு மட்டும் பழைய பெயர் திரும்பி வந்தது. மற்றப் பாதி இன்றும் ட்ராய்ஷ்ட்லிங்கர் தெருதான். முழுத் தெருவுக்கும் பெயரைத் திருப்பித் தந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊரையே கட்டியவரின் பெயரில் பாதியை மட்டும் திருப்பிக் கொடுப்பதற்கு எந்தக் காரணமும் போதாது.

போட்ஸெனர் தெருவில் இரண்டு அடுத்தடுத்த வீடுகள். 18ஆம் எண்ணில் வாழ்ந்தவர் சமூக ஜனநாயகச் சிந்தனையாளர் எடுவார்ட் பெர்ன்ஸ்டைன், யூதர். 1932 டிசம்பர் 18 அன்று, ஹிட்லர் வருவதற்கு ஆறு வாரம் முன்பு இறந்தார். 20ஆம் எண்ணில் 1937 முதல் வாழ்ந்தவர் மருத்துவரும் கவிஞருமான காட்ஃப்ரீட் பென். 1933இல் நாஜி ஆட்சியை வரவேற்றுப் பேசியவர். பிறகு விலகினார், 1938இல் எழுதத் தடையும் பெற்றார். பெரிய கவிஞர்தான். அவர் வரவேற்ற ஆட்சி இந்தத் தெருவில் என்ன செய்தது என்பதை அவர் வீட்டு வாசலைவிட்டு வந்தால் தெருவிளக்கே சொல்லும்.

வடக்கே விக்டோரியா லூயிசா சதுக்கத்தின் 11ஆம் எண் வீட்டில் பில்லி வைல்டர் வாடகைக்கிருந்தார். பின்னாளில் ஹாலிவுட்டின் மாபெரும் இயக்குநரானவர், அன்று இளம் பத்திரிகையாளர். 1933இல் நாடாளுமன்றம் எரிந்தபின் பெர்லினைவிட்டுக் கிளம்பினார். அவருடைய தாயை அந்த ஆட்சி கொன்றது. சுவரிலுள்ள பலகையில் அதற்கு இடமில்லை. ஷோனெபெர்க்கின் இன்னொரு மூலையில், ஹவுப்ட் தெரு 155இல், 1970களில் அங்கே வாழ்ந்த பாடகர் டேவிட் பௌவிக்கு 2016இல் வைத்த வெள்ளைப் பீங்கான் பலகைக்கு முன்னால் எப்போதும் பூச்செண்டு இருக்கும். அதையும் போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

சுவரில் கண்ணுக்கு நேராகப் புகழ்பெற்றவர்கள்; புகழில்லாதவர்கள் காலடியில். நடைபாதைக் கற்களுக்கு நடுவே, பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பதித்த சிறு கற்கள் அங்கங்கே மின்னும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் தொடங்கிய பணி இது. இங்கே வாழ்ந்தார் என்று தொடங்கும். பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொல்லப்பட்ட இடம். கடைசியாகத் தானே விரும்பிக் குடியிருந்த வீட்டின் வாசலில் ஒருவருக்கு ஒரு கல். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பதிக்கிறார்கள்; இயந்திரத்தில் அச்சிடுவதில்லை. ஒரு லட்சமாவது கல் 2023இல் நூரெம்பெர்க்கில் பதிக்கப்பட்டது.

கனடாக்காரருக்கு இது பிடிக்கவில்லை. இறந்தவர் பெயரை மிதித்துக்கொண்டு போவதா என்றார். அவர் தனியாள் இல்லை. மியூனிக் நகரம் இதே காரணத்துக்காக 2004 முதல் பொது நடைபாதைகளில் இந்தக் கற்களை அனுமதிக்கவில்லை. முகாம்களிலிருந்து தப்பியவர்களின் குடும்பங்களிலும் இரண்டு கருத்தும் உண்டு. வழிகாட்டி எதிர்வாதம் எதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டார். படிக்க வேண்டுமானால் குனிந்தே ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னார். எனக்கு இந்தக் கற்கள் வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் கற்கள் மட்டும் இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்காது. கல், இழந்த மனிதரைக் காட்டுகிறது. விளக்குக் கம்பம் அவரை எப்படி இழக்க வைத்தார்கள் என்று காட்டுகிறது. இரண்டும் ஒரே தெருவில் இருப்பதால்தான் கீழே ஒரு பெயரைப் படித்துவிட்டு நிமிர்கிறவர், அந்தப் பெயருக்குரியவர் பால் வாங்க முடியாமல் போன தேதியையும் படிக்கிறார்.

ம்யூன்ஷெனர் தெரு 37இல் முன்பு ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருந்தது. 1910இல் கட்டியது. 1938 நவம்பரில் நாடெங்கும் தொழுகைக்கூடங்களை எரித்தபோது, சுற்றிலும் குடியிருப்புகள் நெருங்கியிருந்ததால் இதற்குத் தீ வைக்கவில்லை. போருக்குப்பின், 1956இல், வழிபட ஆளில்லாத கட்டடத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் இன்று லோக்நிட்ஸ் ஆரம்பப் பள்ளி. பெர்லினில் ஆரம்பப் பள்ளி ஆறாம் வகுப்பு வரை. 1990களின் நடுவிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், இந்த வட்டாரத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒருவரின் பெயரை ஆளுக்கொன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒரு செங்கல்லில் தாமே எழுதி, பள்ளி முற்றத்துச் சுவரில் வைக்கிறார்கள். தன் பெயர் கொண்டவர், தன் பிறந்தநாளில் பிறந்தவர், தன் வீடிருக்கும் தெருவில் வாழ்ந்தவர் என்று பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் சேர்ந்துவிட்டன.

வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். அக்கா வேலிக் கம்பியைப் பிடித்தபடி சுவரின் ஒரு பக்கத்தைக் கையால் காட்டினார். அவர் மகள் இந்தப் பள்ளியில் படித்தவள். “பிள்ளைக்கும் அந்த மனுசிக்கும் ஒரே பிறந்தநாள். அதை வைச்சுத்தான் எடுத்தவள். லாண்ட்ஷூட்டர் தெருவில இருந்தவவாம், அறுபது தாண்டின மனுசி. கல்லில எழுதேக்க கை நடுங்குது எண்டு மூண்டு தரம் வீட்டில கடதாசியில எழுதிப் பாத்தவள். அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை.” பிறகு, “எங்கட ஊரில நடந்ததைப் பற்றி அதுக்குப் பிறகுதான் என்னட்டக் கேக்கத் தொடங்கினவள்” என்றார்.

நடை ஷோனெபெர்க் நகர மாளிகையில் முடிந்தது. 1963 ஜூன் 26 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி பேசிய படிக்கட்டு வாசல். சுற்றுலாப் பயணிகள் அதற்காகத்தான் வருவார்கள். உள்ளே பெரிய கூடத்தில் 'நாங்கள் அண்டை வீட்டாராய் இருந்தோம்' என்ற கண்காட்சி. நூலக வாசிப்பறைபோல மேசைகள், மேசைக்கொரு விளக்கு, விளக்கின் கீழ் ஒவ்வொரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் தொகுப்பேடு. கூடத்தின் சுவர்களில், தெரு வாரியாக, கையால் எழுதிய ஆயிரக்கணக்கான அட்டைகள். பெயர், பிறந்த நாள், வீட்டு எண், கொண்டுசென்ற நாள்.

இந்தப் பெயர்கள் கிடைத்த இடம் நிதித்துறையின் கோப்பறை. கொண்டுசெல்வதற்கு முன் ஒவ்வொருவரும் சொத்து விவரப் படிவம் ஒன்றைத் தம் கையால் நிரப்ப வேண்டும். பதினாறு பக்கம். எத்தனை நாற்காலி, எத்தனை சட்டை, எத்தனை பாத்திரம், எரிவாயுக் கட்டணம் பாக்கி உண்டா. ஆள் ரயிலேறியதும் நிதித்துறை அந்தப் பட்டியலை வைத்துச் சாமான்களை விற்றுக் கணக்கை முடித்தது. 80 பலகைகளில் தேதியால் கடைசியானது 1945 பிப்ரவரி 16க்குரியது: யூத எதிர்ப்பு நடவடிக்கைகள் பற்றிய கோப்புகளை எல்லாம் அழித்துவிட வேண்டும். கைதாகாமலிருக்க எதை அழிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், நாற்காலிக் கணக்கை அழிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது வெறும் வரவுசெலவு. 1980களில் இந்த வட்டாரத்து மக்களே அந்தக் கோப்புகளைத் தேடிப்போய் ஒவ்வொரு பெயராக எடுத்து எழுதினார்கள்.

அக்கா லாண்ட்ஷூட்டர் தெரு அட்டைகளின் முன்னால் போய் நின்று மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். மகள் எடுத்த பெயர் இருந்தது. கைப்பேசியில் படமெடுத்து, ஹாம்பர்க்கில் படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு அனுப்பினார். நாங்கள் அடுத்த தெருவுக்கு நகரும் முன்பே பதில் வந்துவிட்டது. அதே வீட்டு எண்ணில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லியிருந்தாள். அதே எண்ணில் இன்னும் நான்கு அட்டைகள் இருந்தன. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கையும் ஒவ்வொன்றாகப் படமெடுக்கத் தொடங்கினார்.